இரண்டாவது பிரேக்

எனக்குக் கார் ஓட்ட வராது. இதை நானே முதல்ல சொல்லிடறேன், இல்லைன்னா என் நாத்தனார் சொல்லிடுவா. அவ டிரைவிங் ஸ்கூல் நடத்தறா. குழந்தையில பண்ணின சேட்டைக்கு வீட்ல வெச்ச பேரு வாலு. இருபத்தேழு வயசாகியும் அந்தப் பேரும் போகல, சேட்டையும் போகல. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி, செல்லம் வேற. ஞாயித்துக்கிழமை ஆனா என்னை ஸ்டீயரிங் முன்னாடி உக்கார வெச்சு, வாரம் பூரா நான் அவளை அதட்டினதுக்கெல்லாம் வட்டியும் முதலுமா திருப்பித் தருவா.

"அண்ணி, அது கிளட்ச். கரப்பான்பூச்சி இல்ல. அப்படிப் போட்டு மிதிக்காதீங்க."

"வாயை மூடுடி. நான் டாக்டர்."

"டாக்டர்தான். உங்க பேஷன்ட் ஒருத்தராவது வாயைத் திறந்து பேசியிருக்காங்களா?"

அது உண்மைதான். நான் பெத்தாலஜி டாக்டர். ஆபரேஷன்ல வெட்டி எடுத்த சதை எங்க லேபுக்கு வரும். அதைப் பதப்படுத்தி, மெழுகுல புதைச்சு, வெங்காயத் தோலை விட மெல்லிசா சீவி, கண்ணாடி ஸ்லைடுல ஒட்டி, சாயம் ஏத்தி என் மேசைக்கு அனுப்புவாங்க. அது கேன்சரா இல்லையா, கேன்சர்னா எந்த வகை, சாதுவா முரடான்னு நான் பாத்து எழுதணும். நான் எழுதறதை வெச்சுத்தான் மத்த டாக்டருங்க கத்தியை எடுக்கறதும் மருந்தை ஏத்தறதும். ரோட்டுலதான் எனக்குக் கை நடுங்கும். மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்துட்டா என்னை ஏமாத்த ஒருத்தன் இனிமேதான் பொறந்து வரணும். தலைக்கனம்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

வாலுவோட கார்ல ரெண்டு பிரேக் உண்டு. ஒண்ணு ஓட்டறவங்க காலடியில, இன்னொண்ணு சொல்லித்தர்றவங்க காலடியில. கத்துக்க வந்தவங்க எதுலயாவது இடிக்கப் போனா பக்கத்துல இருக்கறவ மிதிச்சு நிறுத்திடலாம். என் கூட வரும்போது வாலுவோட வலது கால் அந்த ரெண்டாவது பிரேக்கை விட்டு ஒரு நிமிஷம் நகராது. "உங்களுக்கு லைசென்ஸ் வர்றதுக்குள்ள எனக்கு முழங்கால் ஆபரேஷன் பண்ணணும் அண்ணி"ன்னு சொல்லுவா.

நான் ஒரு மீட்டிங்குக்காக வெளியூர் போயிருந்த நேரத்துல அவளுக்குத் திடீர்னு அடிவயித்துல வலி. அத்தை, அதாவது என் மாமியார், அவங்க வீட்டுக்குப் பக்கத்து ஊர்ல இருக்கற ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினாங்க. ஸ்கேன் எடுத்தா இடது சினைப்பையில சின்ன முலாம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அன்னிக்கு சாயந்திரமே ஆபரேஷன் பண்ணி, அந்தச் சினைப்பையோட சேத்து, உடையாம முழுசா எடுத்துட்டாங்க. மறுநாள்லேர்ந்து வரிசையா லீவு நாள். இந்த லீவை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ரிப்போர்ட் வந்ததும் வாலு அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினா. கீழ ஒரே வரி: "அண்ணி, இதை மனுஷங்க பாஷையில சொல்லுங்க."

ரெண்டு தடவை படிச்சேன். சினைப்பையில வர்ற ஒரு சின்னச் செல் கேன்சர். ரொம்ப ரொம்ப அபூர்வம். நிறைய பெத்தாலஜி டாக்டருங்க ஆயுசுல ஒண்ணு கூடப் பாக்காம ரிடையர் ஆயிடுவாங்க. சின்ன வயசுப் பொண்ணுங்களைத் தேடித்தேடிப் பிடிக்கற பாவி அது. அதுக்கு ஒரு அடையாளம் இருக்கு. நம்ம உடம்புல இருக்கற எல்லா செல்லுலயும் ஒரு புரதம் இருக்கும், லேப்ல அதை பிஆர்ஜி ஒன்னுன்னு சொல்லுவோம். இந்தக் கேன்சர்ல அந்தப் புரதம் துடைச்சு விட்டாப்பல காணாமப் போயிடும். வாலுவோட ரிப்போர்ட்ல எழுதியிருந்தது அதுதான்: பிஆர்ஜி ஒன், இல்லை.

அவளுக்கும் எனக்கும் ஒரு பேச்சு உண்டு. என் அப்பா சீரியஸா கெடந்தப்போ எல்லாரும் என்கிட்ட மழுப்பினாங்க, இவ ஒருத்திதான் நேரா உண்மையைச் சொன்னா. அன்னிக்கே முடிவு பண்ணினோம், நமக்குள்ள பூசி மெழுகறது கிடையாதுன்னு. அதனால போன் பண்ணிச் சொல்லிட்டேன்.

"ரிப்போர்ட்ல இருக்கறது சரின்னா, நல்ல வகை இல்லடி. எடுத்துட்டாலும் நிறைய பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பி வந்துடும். முரட்டு வைத்தியம் பண்ணணும். எங்க ஆஸ்பத்திரிக்கே வந்துடு."

என்னிக்கு வரணும்னு மட்டும் கேட்டா. அப்புறம், "சரி அண்ணி. ஞாயித்துக்கிழமை கிளாஸுக்கு லேட்டா வராதீங்க"ன்னா.

அந்த ஞாயித்துக்கிழமையை நான் மறக்க மாட்டேன். கார்ல ஏறி சாவியைத் திருப்பினேன். வாலு செருப்பைக் கழட்டிட்டு, ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்துட்டா.

"காலை வைடி."

"எதுக்கு? எப்படி வேணா ஓட்டுங்க அண்ணி. எங்க வேணா இடிங்க. எனக்கென்ன இனிமே பயம்?"

சிரிச்சுட்டே சொன்னா. நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, கதவை ஓங்கிச் சாத்திட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். ரிப்போர்ட்டைப் படிச்சப்போ கூட நான் அழல. அன்னிக்கு வழி பூரா அழுதேன்.

எங்க ஆஸ்பத்திரி கேன்சர் டாக்டர் நிதானமான மனுஷன். இன்னொரு ஆபரேஷன் பண்ணி மிச்சம் இருக்கற சினைப்பையையும் கர்ப்பப்பையையும் எடுக்கணும், அதுக்கப்புறம் கடுமையான கீமோன்னு சொல்லி, வியாழக்கிழமைக்கு நாள் குறிச்சார். வெளியிலேர்ந்து வர்ற ஸ்லைடு எல்லாத்தையும் எங்க லேப்ல ஒரு தடவை சரிபாத்துட்டுத்தான் அவர் கை வைப்பார். அது எங்க ஆஸ்பத்திரி வழக்கம். அப்படித்தான் வாலுவோட ஸ்லைடுகள் ஒரு அட்டைப் பெட்டியில எங்க லேபுக்கு வந்து சேந்துது.

சொந்தக்காரங்க ஸ்லைடுக்கு நாங்க கையெழுத்துப் போடக் கூடாது. அந்த விதி எனக்குத் தெரியும். பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. பாத்தேன்.

பிஆர்ஜி ஒன் ஸ்லைடு. அந்தப் புரதம் இருக்கற செல் எல்லாம் பழுப்பா தெரியும், இல்லாத செல் நீலமா நிக்கும். நான் பாத்தது பூரா நீலம். கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். சரின்னு அடுத்த ஸ்லைடை எடுத்தேன். அது வேற ஒரு புரதத்துக்குப் போட்டது. நீலம். அடுத்தது. நீலம். அடுத்ததும் நீலம். வரிசையா எல்லாத்துக்கும் இல்லை, இல்லை, இல்லைன்னு எழுதி வெச்சிருக்காங்க.

அங்கதான் எனக்கு அழுகை நின்னு கோபம் வந்துது. ஒரு கட்டிக்கு எல்லாமே எப்படி இல்லாமப் போகும்? ஏதாவது ஒண்ணு இருந்துதானே ஆகணும்? மறுபடி முதல் ஸ்லைடை வெச்சேன். இந்தத் தடவை கட்டியைப் பாக்கல. கட்டிக்கு நடுவுல ஓடற சின்னச் சின்ன ரத்தக்குழாயைப் பாத்தேன். குழாய்ச் சுவர்ல இருக்கறது நல்ல செல். அதுல அந்தப் புரதம் கட்டாயம் இருக்கும், பழுப்பா தெரியணும்.

குழாயும் நீலம்.

விளக்கமா சொல்றேன். உங்க வீட்ல லைட் எரியல. பல்பு போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க? எட்டிப் பாப்பீங்க, தெருவுலயே கரன்ட் இருக்கான்னு. தெருவே இருட்டா இருந்தா பல்பைக் குத்தம் சொல்ல முடியாது. இந்த ஸ்லைடுல தெருவே இருட்டு. கட்டியில புரதம் இல்லைன்னு இது சொல்லல. சாயமே பிடிக்கலன்னு சொல்லுது. எழுதினவங்க தெருவை எட்டிப் பாக்காம பல்பு போச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க.

இந்த இடத்துல நான் ஜாக்கிரதையா இருக்கணும். எங்க துறைத் தலைவருக்கு லேப்ல ஜட்ஜ்னு பேரு. ஆதாரம் இல்லாம காபி நல்லா இருக்குன்னு கூட சொல்ல மாட்டார். நான் போய், "என் நாத்தனார் ஸ்லைடு தப்பு சார்"னா, "பாசம் கண்ணை மறைக்குது, வீட்டுக்குப் போ"ன்னுடுவார். அதனால ஸ்லைடு மேல பேரை மறைச்சு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, வாயைத் திறக்காம அவர் மேசையில வெச்சேன்.

அவர் பாத்தார். ஸ்லைடை இந்தப் பக்கம் நகத்தினார், அந்தப் பக்கம் நகத்தினார்.

"இது செல்லாது. ரத்தக்குழாயே சாயம் பிடிக்கல. யாரு இதை வெச்சு ரிப்போர்ட் எழுதினது?"

"வெளி லேப் சார்."

"யாரோட ஸ்லைடு?"

"என் நாத்தனாரோடது."

நிமிந்து என்னைப் பாத்தார். பெட்டியை அப்படியே தன் பக்கம் இழுத்துக்கிட்டார்.

"இனிமே நீ இதைத் தொடாதே. இன்னொண்ணு கேட்டுக்கோ. செல்லாதுன்னா நல்ல சேதின்னு அர்த்தம் இல்ல. நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம். சரியாப் போட்டுப் பாத்தா அதே பதில் கூட வரலாம்."

அது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் வேற ஒருத்தர் வாயால கேக்கும்போது கசந்துது.

அந்த லேப் டாக்டருக்குப் போன் போட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவர் முதல்ல எகிறினார், எங்க மெஷின் புதுசு, எங்க மருந்து நல்ல மருந்துன்னு. நான் விடல.

"கட்டி உங்ககிட்ட எப்படி வந்துது, அதைச் சொல்லுங்க."

"வாளியில, பார்மலின்ல வந்துது."

"அறுத்து வந்துதா, முழுசா வந்துதா?"

எகிறின குரல் இறங்கிடுச்சு. அந்த மனுஷனுக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

"முழுசா. லீவு முடிஞ்சு வந்துதான் நாங்க அறுத்தோம்."

அதான்! பார்மலின்ங்கறது சதை கெடாம இருக்க ஊத்தற மருந்து. அது உள்ள இறங்க நேரம் ஆகும். பெரிய கட்டின்னா வந்த உடனே ரொட்டியை அறுக்கற மாதிரி குறுக்க அறுத்து வெச்சாத்தான் நடு வரைக்கும் இறங்கும். முழு உருளைக்கிழங்கை ஒரு கொதியில இறக்கினா மேல வெந்திருக்கும், நடுவுல பச்சையா இருக்குமில்ல, அதே கதை. ஆபரேஷன் பண்ணினவங்க அவசரத்துல முலாம்பழத்தை அப்படியே வாளியில போட்டுட்டு லீவுக்குப் போயிட்டாங்க. ஓரம் பதமாச்சு. நடுவுல இருந்த சதை மருந்து எட்டாம வீணாப் போச்சு. இவங்க வந்து சரியா அந்த நடுவுலேர்ந்து துண்டு எடுத்திருக்காங்க. ஓரத்துல எடுத்ததுல வெறும் மேல்தோல்தான் இருந்துதாம்.

"மிச்சக் கட்டி இருக்கா?"

"இருக்கு. ஆனா பழைய வாளியெல்லாம் எரிக்க எடுத்துட்டுப் போற வண்டி நாளைக்குக் காலையில வருது."

"அந்த வாளி மேல எவனாவது கை வெச்சான்னா..."ன்னு ஆரம்பிச்சேன். நல்லவேளை, அவரே குறுக்க வந்தார். "நானே போய் எடுத்து என் மேசைக்கடியில வெச்சுக்கறேன் மேடம். பேஷன்டை ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கச் சொல்லுங்க."

அடுத்தது வீடு. வாலுவுக்குச் சொன்னேன். அத்தையும் பக்கத்துல இருந்தாங்க. அவங்க முகம் மாறிடுச்சு.

"டாக்டரே நாள் குறிச்சுட்டாரு. நீ ஏம்மா குறுக்க விழறே? தள்ளிப் போட்டுட்டு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீயா?"

"நான்தான் அத்தை. தள்ளிப் போடச் சொல்லல. வியாழக்கிழமைக்குள்ள பதில் வந்துடும். வரலைன்னா அவர் சொன்னதைப் பண்ணலாம். எடுத்துட்டா அப்புறம் திருப்பி வைக்க முடியாது இல்லையா?"

அத்தை என்னையே பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் வரல. பெத்தவங்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். தப்பா முடிஞ்சா ஆயுசுக்கும் என்னை மன்னிக்க மாட்டாங்கன்னு மட்டும் புரிஞ்சுது.

மறுநாள் காலையில நானும் வாலுவும் கிளம்பினோம். எனக்குத்தான் ஓட்ட வராதே, அவதான் ஓட்டினா. தன்னோட கட்டியைத் தானே போய் கார்ல ஏத்திட்டு வந்தவ இந்த உலகத்துலயே இவ ஒருத்தியாத்தான் இருப்பா. லேப் டாக்டர் வாசல்லயே நின்னார், கையில மூடி போட்டு டேப் சுத்தின வெள்ளை வாளி. சின்னப் பையன் முகம் அவருக்கு. திட்டணும்னு வழி பூரா சேத்து வெச்சிருந்தேன், அவர் நின்ன கோலத்தைப் பாத்து விழுங்கிட்டேன்.

"பின் சீட்டுல வைங்க அண்ணி," வாலு சொன்னா. "பெல்ட் போட்டு விடுங்க."

"எதுக்குடி பெல்ட்?"

"என் கார்ல பெல்ட் போடாம யாரும் வரக் கூடாது. எத்தனை மாசம் எனக்குள்ள ஓசியில குடியிருந்துதோ, ஒரு பைசா வாடகை தரல. ஒழுங்காவாவது வரட்டும்."

போட்டு விட்டேன். ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சோம். பாதி வழியில அவ சிரிப்பு நின்னுடுச்சு.

"அண்ணி, உங்க முகம் தெளிவா இருக்கு. அதைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. நான் நம்பலாமா?"

"நம்பாதே. காத்திரு."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் நினைக்கறதை விடு. புதுசா சாயம் போட்ட ஸ்லைடுல ரத்தக்குழாய் பழுப்பாகணும், அது முதல் படி. அப்பவும் கட்டி நீலமாவே நின்னா, பழைய ரிப்போர்ட் சரி. நான் தோத்தேன். கட்டியும் பழுப்பாச்சுன்னா, இது அந்தப் பாவி இல்ல. அப்புறம் வேற கதை."

"சரி. எதுவா இருந்தாலும் முதல்ல எனக்கு. அண்ணனுக்கு இல்ல, அம்மாவுக்கு இல்ல. எனக்கு."

"உனக்குத்தான்."

வாளியை ஜட்ஜ்கிட்ட கொடுத்தேன். அவரே கையுறை போட்டு, கட்டியோட விளிம்புலேர்ந்து துண்டு துண்டா அறுத்து எடுத்தார். என்னைக் கிட்டவே விடல. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். நடுப்பக்கம் சாம்பல் நிறமா கொழகொழன்னு இருந்துது, ஓரம் வெளுப்பா கெட்டியா இருந்துது. என் கணக்கு அந்த வரைக்கும் சரி.

புதன்கிழமை சாயந்திரம் ஜட்ஜ் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ரூம்ல ரெட்டைத் தலை மைக்ராஸ்கோப் ஒண்ணு இருக்கு. ஒரே ஸ்லைடை ரெண்டு பேர் எதிரும் புதிருமா உக்காந்து பாக்கலாம், நகத்தறது மட்டும் அவர் கையில. உக்காரச் சொன்னார். முகத்துல ஒண்ணும் தெரியல. அவர் முகத்துல என்னிக்குமே ஒண்ணும் தெரியாது.

"முதல்ல குழாயைப் பாரு."

பாத்தேன். ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒவ்வொரு செல்லும் பழுப்பு, அழகான பழுப்பு. சாயம் பிடிச்சிருக்கு. தெருவுல கரன்ட் வந்துடுச்சு. அப்பத்தான் எனக்கு நிஜமாவே பயம் வந்துது. இத்தனை நாள் தெரியாதுன்னு ஒரு மறைப்பு இருந்துது, இனிமே அது கிடையாது. இப்ப கட்டி நீலமா இருந்தா நீலம்தான்.

"சார், நகத்துங்க."

நகத்தினார். கண்ணை மூடிக்கலாம்னு தோணுச்சு. மூடல.

பழுப்பு. ஒரு ஓரம் பூரா பழுப்பு. அடுத்த இடத்துக்குப் போனார், பழுப்பு. ஒரு செல் பாக்கி இல்ல. எல்லாமே பழுப்பு!

"இந்தா, இது ரெண்டாவது," ஸ்லைடை மாத்தினார். அது இன்ஹிபின்னு ஒரு புரதம், அதைப் பத்திக் கேக்காதீங்க, நீளமான கதை. அதுவும் பழுப்பு. "கிரானுலோசா செல் கட்டி. சின்ன வயசுல வர்ற வகை. இதுவும் அபூர்வம்தான், ஆனா இது வேற குணம். வெளித்தோல் எங்கயும் கிழியல, ஒரு சினைப்பைக்குள்ளயே அடங்கி இருக்கு. மரபணு டெஸ்டுக்கும் அனுப்பறேன், எழுத்துல எல்லாம் இருக்கணும். ஆனா நாளைக்கு ஆபரேஷன் தேவையில்லைன்னு நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

நான் அந்த மைக்ராஸ்கோப் மேலயே நெத்தியை வெச்சு அழுதேன். இந்த நிலைமையில பிடிபட்ட அந்த வகைக்கு, எடுத்ததோட சரி, பத்துல ஒன்பது பேருக்கு மேல நல்லா இருப்பாங்க. கொஞ்ச வருஷத்துக்கு அப்பப்போ ரத்தம் எடுத்துப் பாக்கணும், அவ்வளவுதான். ஜட்ஜ் ஒரு டிஷ்யூவை நீட்டினார்.

"லென்ஸை நனைச்சுடாதே. விலை ஜாஸ்தி."

கேன்சர் டாக்டருக்கு அவரே போன் பண்ணினார். நான் வீட்டுக்குப் பண்ணல. வாலுவுக்குத்தான் பண்ணினேன். "கார் எடுத்துட்டு வா"ன்னு மட்டும் சொன்னேன். பேச்சுன்னா பேச்சு. போன்ல சொல்ற சேதி இல்ல இது.

ஆஸ்பத்திரி பின் கேட்டுல வந்து நின்னா. என் முகத்தைப் பாக்கவே இல்ல. பாக்கப் பயம். இறங்கி அந்தப் பக்கம் மாறி உக்காந்தா.

"நீங்களே ஓட்டுங்க. என்னால முடியாது."

ஏறினேன். அவ செருப்பைக் கழட்டினா. ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல சம்மணம் போட்டா. அந்த ஞாயித்துக்கிழமை உக்காந்த அதே மாதிரி. எதிர்ல ஆஸ்பத்திரி மதில் சுவர். வண்டியைப் பின்னாடி எடுத்துத் திருப்பணும். கிளட்சை மிதிச்சேன், கியரைப் போட்டேன், காலை அப்படியே வெச்சுட்டு அவ பக்கம் திரும்பினேன்.

"வாலு. குழாய் பழுப்பு."

தலையைக் குனிஞ்சுட்டே இருந்தா. "ம்."

"கட்டியும் பழுப்பு."

நிமிந்தா.

"அந்தப் பாவி இல்லடி அது. நாளைக்கு ஆபரேஷன் இல்ல. கீமோ இல்ல. இருக்கற சினைப்பை உனக்கே. நீ என்னை இன்னும் முப்பது நாப்பது வருஷம் திட்டிட்டுத் திரியப் போறே. கேக்குதா?"

ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டு குலுங்கிக் குலுங்கி அழுதா. எனக்கும் கண்ணு மறைச்சுது. அவளைக் கட்டிப் பிடிக்கணும்னு அப்படியே சாஞ்சேன். கிளட்சுல வெச்சிருந்த காலை மறந்து எடுத்துட்டேன்.

கியரை நான் முன்பக்கமா போட்டுத் தொலைச்சிருக்கேன். கார் ஒரு துள்ளுத் துள்ளி சுவரைப் பாத்துப் பாஞ்சுது. நான் "ஐயோ"ன்னு கத்தினேன். என் கால் எதைத் தேடுச்சுன்னு எனக்கே தெரியாது.

கிறீச்சுன்னு நின்னுடுச்சு. சுவருக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு சாண் இருந்தா ஜாஸ்தி.

குனிஞ்சு பாத்தேன். சம்மணம் போட்டிருந்த கால் எப்ப இறங்குச்சோ தெரியல. செருப்பில்லாத வலது கால், விரல் எல்லாம் வெளுத்துப் போற அளவுக்கு ரெண்டாவது பிரேக்கை அழுத்திட்டு இருந்துது.

"அறிவிருக்கா அண்ணி உங்களுக்கு!" அழுத கண்ணோட, மூக்கு ஒழுக, தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினா. "பாத்து ஓட்டத் தெரியாது? என்னைக் கொன்னுட்டா யாரு வாழறது?"

"தெரியாம..."

"பேசாதீங்க! பின்னாடி கியரைப் போடுங்க. கண்ணாடியைப் பாருங்க. மெதுவா. இன்னும் மெதுவா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

வீடு வர்ற வரைக்கும் திட்டிட்டே வந்தா. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. சிக்னல்ல நின்னப்போ மட்டும் மெதுவா கீழ பாத்தேன். அந்தக் கால் பிரேக் மேலயேதான் இருந்துது.